"மாத்திரை எதுவும் சாப்பிடலை டாக்டர்": கருத்தடை ஹார்மோன், முடி, முகம் – ஒரு நிகழ்வு ஆய்வு

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மூன்று சுருளாக முடி. மூன்று நாள் முடி, நாளுக்கு ஒரு சுருள், ஒவ்வொன்றும் நூலால் கட்டியிருந்தது. "எண்ணியே பார்த்துட்டேன் டாக்டர். தலைக்குக் குளிச்ச அன்னிக்கு இருநூறுக்கு மேல. மத்த நாள்ல நூத்தம்பது."

தோல் மருத்துவரிடம் முடியைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வருபவர்கள் நிறையப் பேர் உண்டு. இவர் எண்ணிக்கொண்டு வந்திருந்தார். அவ்வளவு அக்கறையாக வந்தவரிடம் நான் முதல் நாள் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

வயது 31. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. இரண்டரை மாதமாக முடி கொட்டுகிறது. சீப்பில், தலையணையில், குளியலறை வடிகாலில் எங்கும் முடி. "வேரோடயே வருது" என்று ஒரு முடியை எடுத்து அதன் நுனியில் இருந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். அதைப் பார்த்துப் பயப்படாதவர்களே கிடையாது. உண்மையில் அது வேர் இல்லை. ஓய்வு நிலைக்குப் போன முடியின் அடிமுனை காய்ந்து, உருண்டு, வெள்ளையாக இருக்கும். வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. அடுத்த முடி அதிலிருந்தே முளைக்கும்.

ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கு நடுவே சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். எட்டு முடி கையோடு வந்தது, எட்டிலும் வெள்ளை முனை. பத்து சதவீதத்துக்கு மேல் வந்தால் முடி அளவுக்கு மீறிக் கொட்டுகிறது என்று வழக்கமாகக் கணக்கு வைப்போம். தலைத்தோலில் செதிலோ சிவப்போ தழும்போ இல்லை. வட்ட வட்டமான வழுக்கையும் இல்லை. தாடையோரம் நாலைந்து பரு இருந்தது. கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் பழுப்பு நிறத்தில் மங்கு. "அது நாலு வருஷமா இருக்கு, அதை விடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

கேட்க வேண்டியவற்றை எல்லாம் கேட்டதாகத்தான் நினைத்தேன். காய்ச்சல் வந்ததா, அறுவை சிகிச்சை நடந்ததா, எடை சட்டென்று குறைந்ததா, பிரசவமோ கருச்சிதைவோ உண்டா, தூக்கம் எப்படி, வீட்டில் யாருக்காவது முடி குறைவா. அம்மாவுக்கு உச்சந்தலையில் முடி மெலிசு என்றார். கடைசியாகக் கேட்டேன்: "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லை டாக்டர்."

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.4, தைராய்டு சரி, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் 22. காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி. இரும்பு மாத்திரை எழுதினேன், தலையின் நடுவகிட்டைப் புகைப்படம் எடுத்துக்கொண்டேன், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன். அந்தப் படம் எடுத்ததுதான் அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம்.

இரண்டாம் வருகை

மூன்று மாதம் கழித்து வந்தார். முடி கொட்டுவது கொஞ்சம் குறைந்திருந்தது, நிற்கவில்லை. முகம்தான் மாறிப்போயிருந்தது. தாடை எலும்பின் ஓரமாகவும் கழுத்தின் மேல்பகுதியிலும் ஆழமான, தொட்டால் வலிக்கும் கட்டிப் பருக்கள். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது. மதியத்துக்குள் நெற்றியில் எண்ணெய் வழிகிறது என்றார். பழைய படத்தைத் திரையில் வைத்து, அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வகிடு அகன்றிருந்தது. முன்னால் அகலம், பின்னால் போகப்போகக் குறுகல். தோல் உருப்பெருக்கியில் பார்த்தால் தடித்த முடிக்குப் பக்கத்திலேயே நூல் போல மெலிந்த முடி. ஒரே இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிகளின் தடிமன் இப்படி வேறுபட்டால் அது வெறும் உதிர்வு இல்லை, பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவும் கூடவே இருக்கிறது என்று பொருள்.

இரும்புச்சத்து குறைந்தால் தாடையில் கட்டிப் பரு வராது. முடி, பரு, எண்ணெய்ப் பசை மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஆண் ஹார்மோனின் வேலை போலத் தெரிந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அப்போதுதான் கேட்டேன்.

"ரொம்பக் குறைஞ்சிருச்சு டாக்டர். மாசத்துல ரெண்டு நாள், அதுவும் சொட்டுச் சொட்டாத்தான். காப்பர்-டி போட்ட பிறகுதான் இப்படி."

காப்பர்-டி என்றால் கருப்பைக்குள் வைக்கும் செம்பு வளையம். ஹார்மோன் கிடையாது, முடியோடும் பருவோடும் அதற்குத் தொடர்பில்லை. அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஆனால் செம்பு வளையம் போட்டால் பொதுவாக மாதப்போக்கு கூடும், வலியும் கூடும். இவருக்குக் குறைந்திருக்கிறது. போட்டபோது கொடுத்த அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கைப்பேசியில் படம் வைத்திருந்தார். லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம். அது ஹார்மோன் வளையம். வடிவம் காப்பர்-டி மாதிரியே இருப்பதால் எல்லோர் வாயிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

"அதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"எட்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். அதை நிறுத்திட்டுத்தான் இது."

"அன்னிக்கு நான் கேட்டப்போ சொல்லலையே?"

"நீங்க மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டீங்க. அப்ப நான் சாப்பிடலையே."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பிழை என் கேள்வியில் இருந்தது. மருந்தென்றால் நம் மொழியில் "சாப்பிடுறீங்களா" என்றுதான் கேட்கிறோம். வளையத்தை யாரும் சாப்பிடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையும் சாப்பிடுவதில்லை, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியையும் சாப்பிடுவதில்லை. போன மாதம் நிறுத்திய மாத்திரை இன்று சாப்பிடும் மாத்திரை ஆகாது. அதோடு கருத்தடையை நோய்க்கான மருந்தாகப் பெரும்பாலான பெண்கள் நினைப்பதும் இல்லை. நோயில்லாதபோது எடுத்துக்கொள்வது எப்படி மருந்தாகும்?

நாள்கணக்கு

ஒரு தாளில் கோடு போட்டு இருவரும் சேர்ந்து எழுதினோம்.

23 வயதில், மாதப்போக்கு அதிகம், முகப்பருவும் உண்டு என்பதால் மகப்பேறு மருத்துவர் கலவை மாத்திரை தொடங்கியிருக்கிறார்: எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம், ட்ராஸ்பைரினோன் என்ற புரோஜெஸ்டோஜன் 3 மில்லிகிராம். ஆறு மாதத்தில் முகம் தெளிந்தது. 27 வயதில் கன்னத்தில் மங்கு வந்தது. 31 வயதில் ஒற்றைத் தலைவலி தொடங்கியது. தலை வலிப்பதற்கு முன் இருபது நிமிடம், பார்வையின் ஓரத்தில் பளபளவென்று கோணல்மாணலான ஒரு கோடு நகருமாம். இப்படி முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை எதையும் எடுக்கக் கூடாது, மூளைப் பக்கவாத ஆபத்து கூடும். மகப்பேறு மருத்துவர் மாத்திரையை உடனே நிறுத்தி, அதே வாரம் ஹார்மோன் வளையம் வைத்தது மிகச் சரியான முடிவு. அதிலிருந்து பத்து வாரத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் முதல் பரு. ஐந்தாம் மாதம் என்னிடம் முதல்முறை வந்தார்.

பத்து வாரம் என்ற அந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளரும் பருவத்தில் இருக்கும். அந்தப் பருவம் 2 முதல் 6 ஆண்டு. அப்புறம் இரண்டு மூன்று வாரம் சுருங்கும் பருவம். பிறகு ஓய்வு, இரண்டு மூன்று மாதம் அப்படியே இருந்துவிட்டு உதிரும். இன்று உடலுக்கு ஏதாவது நடந்தால் முடி இன்று கொட்டுவதில்லை, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். அதற்குள் நடந்தது மறந்துபோகும். பெண்கள் போன வாரம் மாற்றிய ஷாம்புவைச் சந்தேகப்படுவார்கள்.

இந்த வகை உதிர்வை 1961இல் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் விவரித்து, டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். 1993இல் ஹெடிங்டன் அதை ஐந்து வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று இங்கே அப்படியே பொருந்துகிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருக்கும்போது முடி வளரும் பருவத்திலேயே தங்கிவிடும். குழந்தை பிறந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் தங்கியிருந்த முடியெல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய், சில மாதத்தில் ஒட்டுமொத்தமாகக் கொட்டும். பல ஆண்டு சாப்பிட்ட கலவை மாத்திரையை நிறுத்தினாலும் இதே கதைதான். நான் முதல் நாள் "பிரசவம் உண்டா?" என்று கேட்டேன். அதே வேலையைச் செய்யும் இன்னொரு காரணத்தைக் கேட்காமல் விட்டேன்.

எது எதனால்

இவருக்கு நான்கு பிரச்சினை, நான்குக்கும் ஒரே காரணம் கிடையாது. "ஹார்மோன் கோளாறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் சிகிச்சையும் தப்பாகப் போகும்.

திடீரென்று கொத்தாகக் கொட்டிய முடிக்குக் காரணம் மாத்திரையை நிறுத்தியது. இது தானாகவே ஆறு மாதத்தில் அடங்கக்கூடியது. இரும்புச் சேமிப்பு குறைவாக இருந்ததும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம்.

வகிடு அகன்றது வேறு. அது அம்மா வழியாக வந்த மெலிவு. இருபத்தைந்து வயதிலேயே வெளிப்பட்டிருக்க வேண்டியதை மாத்திரை எட்டு வருடம் தடுத்து வைத்திருந்தது என்று நினைக்கிறேன். கலவை மாத்திரை அதை இரண்டு வழியில் செய்கிறது. சினைப்பையைத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனை அடக்குவதால் அங்கே உருவாகும் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைகிறது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கூட்டுகிறது. அந்தப் புரதம் ரத்தத்தில் மிச்சமிருக்கும் டெஸ்டோஸ்டீரோனைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொள்ளும். ட்ராஸ்பைரினோன் மூன்றாவதாக ஒரு வேலை செய்கிறது. அது ஸ்பைரோனோலாக்டோன் குடும்பத்து மருந்து, ஆண் ஹார்மோன் தோலில் ஒட்டும் இடத்தையே மறிக்கும். இவ்வளவு காவலும் ஒரே நாளில் விலகியது.

பருவுக்கும் அதுதான் பெரிய காரணம். கூடவே வளையத்துக்கும் பங்குண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல், டெஸ்டோஸ்டீரோனுக்கு நெருங்கிய உறவான 19-நார்டெஸ்டோஸ்டீரோனிலிருந்து உருவாக்கப்பட்டது. ஆண் ஹார்மோன் ஏற்பிகளில் லேசாக ஒட்டும். வளையம் ஆரம்பத்தில் நாளுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் வெளியிடுகிறது. "அது கருப்பைக்குள்ளதான் வேலை செய்யும், உடம்புக்கு வராது" என்று இவரிடம் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஆனாலும் சிறிதளவு ரத்தத்துக்கு வரத்தான் செய்கிறது, அந்தச் சிறிதளவே சிலருடைய தோலுக்குப் போதும். முகப்பரு, முடி உதிர்தல், முகத்தில் முடி வளர்தல் மூன்றும் வளையத்தோடு வரும் தகவல் தாளிலேயே அச்சாகியிருக்கின்றன. யாரும் அதைப் படித்துக் காட்டுவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே லெவோநார்ஜெஸ்ட்ரல் ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து கலவை மாத்திரையில் இருக்கும்போது பருவைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூட்டும் எஸ்.ஹெச்.பி.ஜி. அதன் ஆண் குணத்தை அமுக்கிவிடும். தனியாக வரும்போது அமுக்க ஆளில்லை. ஆகவே "இந்த மருந்து பரு வரவைக்கும், அந்த மருந்து வரவைக்காது" என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூட யார் இருக்கிறார்கள், அதற்கு முன் எது இருந்தது என்பதும் கணக்கில் வர வேண்டும். எந்தக் கருத்தடையும் இல்லாமலிருந்து வளையத்துக்கு வரும் பெண்ணும், எட்டு வருடம் ட்ராஸ்பைரினோன் மாத்திரையிலிருந்து வளையத்துக்கு வரும் பெண்ணும் ஒரே மாதிரி அனுபவப்பட மாட்டார்கள். பின்னவருக்கு ஏறிக்கொண்டிருந்த ஏணியும் எடுக்கப்படுகிறது. இவர் விஷயத்தில் பெரிய பங்கு மாத்திரை நின்றதற்கு, சிறிய பங்கு வளையத்துக்கு என்பதே என் கணிப்பு. வளையத்தை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். எடுக்கவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான்காவது மங்கு. "அதை விடுங்க" என்று அவர் சொல்லி நான் விட்ட அந்த மங்குதான் முதல் நாளிலேயே என் கண்முன் இருந்த துப்பு. ஈஸ்ட்ரோஜனும் வெயிலும் சேர்ந்தால் மங்கு வரும். கர்ப்பத்திலும் கலவை மாத்திரையிலும் ஒரே மாதிரி வரும். குழந்தை பெறாத ஒரு பெண்ணுக்கு 27 வயதில் இரு கன்னத்திலும் சமமாக மங்கு என்றால், ஹார்மோன் ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி எட்டு மாதமாகியும் அது போகவில்லை. பலருக்கும் அப்படித்தான். காரணம் விலகினாலும் நிறம் தங்கிவிடும்.

ஹார்மோன் பரிசோதனையும் செய்தோம். மொத்த டெஸ்டோஸ்டீரோனும், அட்ரினல் சுரப்பியில் உருவாகும் டி.ஹெச்.ஈ.ஏ.எஸ். என்ற ஆண் ஹார்மோனின் அளவும் சரியாகவே இருந்தன. எஸ்.ஹெச்.பி.ஜி. மட்டும் சாதாரண எல்லைக்குள் அடிமட்டத்தில். முகத்திலோ வயிற்றிலோ தடித்த முடி இல்லை, குரல் மாறவில்லை. அப்படி ஏதாவது சில மாதங்களுக்குள் வேகமாக வந்திருந்தால் கருத்தடையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இருக்கிறதா என்றுதான் தேடியிருப்பேன். இன்னொன்று: இதே பரிசோதனையைக் கலவை மாத்திரை சாப்பிடும்போது எடுத்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகக் காட்டும். மாத்திரை போட்டிருக்கும் திரையை அளந்துவிட்டு ஹார்மோன் சரி என்று எழுதிக்கொடுப்பது பயனற்ற வேலை.

என்ன செய்வது என்ற கேள்வி

"அப்ப வளையத்தை எடுத்துரலாமா?" என்றார். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். மகப்பேறு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசியபோதுதான் அது அவ்வளவு எளிதில்லை என்று புரிந்தது.

பழைய மாத்திரைக்குத் திரும்ப முடியாது. ஒற்றைத் தலைவலி அந்தக் கதவை அடைத்துவிட்டது. தலைவலி இல்லாவிட்டாலும், முகத்துக்காக மட்டும் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விலை உண்டு. எதுவும் எடுக்காத பெண்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 2 பேருக்கு நாளத்தில் ரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் கலவை மாத்திரையில் 5 முதல் 7 பேர், ட்ராஸ்பைரினோன் கலவையில் 9 முதல் 12 பேர். 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை வெளியிட்ட கணக்கு இது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் பருவுக்கு நல்லது என்று சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செம்பு வளையத்தில் ஹார்மோன் இல்லை, தோலுக்கு அதைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை. ஆனால் இவருக்கு மாதப்போக்கு அதிகம். செம்பு அதை இன்னும் கூட்டும், ஃபெரிட்டின் 22இலிருந்து கீழே போகும், முடி அதனாலேயே கொட்டும். ஹார்மோன் ஊசியும் கைக்குச்சியும், வளையத்தைப் போலவே, ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டோஜன் மட்டுமே உள்ளவை. எட்டோனோஜெஸ்ட்ரல் கைக்குச்சியின் மருந்துத் தகவலில் பரு 13.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பரு வந்ததாலேயே குச்சியை வெளியே எடுத்துவிட்டவர்கள் 1.3 சதவீதம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி என்ன லாபம்?

ஒரு வழி மிச்சம் இருந்தது. ட்ராஸ்பைரினோன் 4 மில்லிகிராம் மட்டும் உள்ள மாத்திரை. 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 24 நாள் மருந்து, 4 நாள் வெறும் மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் தலைவலிக்காரர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். நான் அதைத்தான் பரிந்துரைத்தேன்.

அவர் வேண்டாம் என்றார். "எட்டு வருஷமா தினம் அலாரம் வச்சு மாத்திரை சாப்பிட்டேன் டாக்டர். இப்ப அந்த நினைப்பே இல்லாம இருக்கேன். மாசா மாசம் அஞ்சு நாள் படுத்துக் கிடந்தது போயிருச்சு. முடிக்காக அதைத் திருப்பி வாங்கிக்கச் சொல்றீங்களா?"

இதை எந்தப் பரிசோதனையும் எனக்குச் சொல்லியிருக்காது. நான் வளையத்தைப் பக்கவிளைவின் ஊற்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது பத்து வருடத்தில் கிடைத்த முதல் நிம்மதி. சரி, வளையம் இருக்கட்டும், தோலை நேராகவே கவனிப்போம் என்று முடிவு செய்தோம்.

சிகிச்சையும் பின்தொடர்ச்சியும்

வளையம் இருந்ததில் ஒரு வசதியும் கிடைத்தது. ஆண் ஹார்மோனை மறிக்கும் ஸ்பைரோனோலாக்டோனைக் கர்ப்பத்தில் எடுக்கவே கூடாது, ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே உறுதியான கருத்தடை இருக்க வேண்டும், அது ஏற்கெனவே இருக்கிறது. 50 மில்லிகிராமில் தொடங்கி ஒரு மாதத்தில் 100 ஆக்கினேன். பருவுக்கு இரவில் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல். அது துணியை வெளுக்கும் என்பதைச் சொல்ல மறக்கக் கூடாது. நீலத் தலையணை உறையில் வெள்ளைத் திட்டைப் பார்த்து, இது முகத்தை என்ன செய்யும் என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். வகிட்டுக்கு முடி வளரத் தூண்டும் 5 சதவீத மினாக்ஸிடில் நுரை, நாளுக்கு ஒருமுறை. இரும்பு தொடர்ந்தது.

மங்குக்கு அசெலெயிக் அமிலம் 20 சதவீதம், அதோடு நிறம் கலந்த சன்ஸ்கிரீன். நிறம் அழகுக்காக இல்லை. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதே தவிர இதைத் தடுப்பதில்லை, மங்கோ இரண்டிலுமே கறுக்கும்.

மினாக்ஸிடில் தொடங்கிய மூன்றாம் வாரம் பதறிப்போய் அழைத்தார். முடி மறுபடி கூடுதலாகக் கொட்டுகிறது. முதல் சில வாரங்களில் அப்படி ஆகும், பழைய ஓய்வு முடியைப் புது முடி தள்ளுகிறது என்று முன்பே சொல்லியிருந்தேன். சொல்லியிருந்தும் குளியலறைத் தரையில் முடியைப் பார்க்கும்போது சொன்னது எதுவும் நினைவில் நிற்காது. எண்ணுவதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். தினம் எண்ணுவதால் ஒரு முடிகூடத் தங்குவதில்லை, எண்ணுகிறவரின் தூக்கம்தான் போகிறது.

மூன்றாம் மாதத்தில் கட்டிப் பரு நின்றது, எண்ணெய் வழிவதும் குறைந்தது. இழுத்துப் பார்த்ததில் ஒரே ஒரு முடி வந்தது. முன்நெற்றி ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் குட்டை முடிகள் வரிசையாக நின்றன; சீவினால் படியாமல் நிமிர்ந்துகொள்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டார். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் கணக்குக்கு அது சரியாக இருந்தது. ஆறாம் மாதப் படத்தில் வகிடு குறுகியிருந்தது, ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஃபெரிட்டின் 58. மங்கு பாதியளவு வெளுத்து அங்கேயே நின்றுவிட்டது. நான்கு பிரச்சினையில் அவர் பொருட்படுத்தாத ஒன்றுதான் கடைசிவரை பிடிவாதமாக இருக்கிறது.

இந்தப் பெண்ணுக்குப் பிறகு என் கேள்வித்தாளை மாற்றிவிட்டேன். "கருத்தடைக்கு என்ன செய்றீங்க? மாத்திரையா, ஊசியா, கையில வச்ச குச்சியா, ஒட்டும் பட்டையா, உள்ளே வச்ச வளையமா? வளையம்னா மாதவிடாய் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? போன ஒரு வருஷத்துல எதையாவது நிறுத்தினீங்களா, மாத்தினீங்களா, எந்த மாசம்?" ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கேட்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. திருமணமாகாத பெண்களிடம் கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் பதில் மாறுகிறது. பருவுக்காகவோ மாதப்போக்குக்காகவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கருத்தடை என்று சொல்வதே இல்லை. அதனால் "மாதவிடாய்க்காக ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று தனியாக இன்னொரு கேள்வியும் உண்டு. மாத்திரையை நிறுத்தப்போகும் பெண்ணிடம், இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டலாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள் என மகப்பேறு மருத்துவ நண்பர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்கூட்டிச் சொன்னால் அது எதிர்பார்த்த ஒன்று. சொல்லாவிட்டால் அதே முடி பொட்டலமாகக் கட்டப்பட்டு வருகிறது.

பதினான்காம் மாதம் வந்தபோது குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பதாகச் சொன்னார். பழைய நாள்கணக்குத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். அதன் பின்பக்கத்தில் வரிசை எழுதினோம். முதலில் ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்த வேண்டும், அடாபலீனையும் மினாக்ஸிடிலையும் கூட. குறைந்தது ஒரு மாதம் போகட்டும். அதற்குப் பிறகுதான் வளையத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் கருத்தரிக்கும் தன்மை சீக்கிரமே திரும்பிவிடும் என்பதால் வரிசையை மாற்றக் கூடாது. அசெலெயிக் அமிலத்தைத் தொடரலாம், கர்ப்பத்தில் மங்கு கறுக்கும் என்பதால் சன்ஸ்கிரீனை விடவே கூடாது. மினாக்ஸிடில் நின்ற மூன்று நான்கு மாதத்தில் ஒரு உதிர்வு இருக்கும். குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் இன்னொன்று.

கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் அதை எடுத்து, "பிறந்த மூன்றாம் மாதம்: முடி கொட்டும்" என்பதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தில் சேர்த்துக்கொண்டார்: "எண்ண வேண்டாம்."